எந்தத் தேதியிலிருந்து

பருத்திப்பட்டு
4.8.2025

அன்புள்ள சாமுண்டிக்கு,

தையல் பிரித்தார்களா? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். நூம்பலில் டைல்ஸ் இறக்கப் போகும் நம் டிரைவர் பாபுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் அண்ணன் வீட்டில் காரம் அதிகம், பார்த்துச் சாப்பிடு.

வக்கீல் கிரணைப் பார்த்தேன். தலை சுற்றுகிறது. உனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது கொரோனா சமயத்தில். வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்ததும் அன்றைக்குத்தான். அந்த டாக்டர் மேல் கேஸ் போட ரெண்டு வருஷம்தான் கெடுவாம். நம் கடையில் பில் தேதிதான் கணக்கு, அப்படியானால் முடிந்த விஷயம். கிரணோ, "உள்ள துணி இருக்கறது யாருக்கு சார் தெரியும்? தெரிஞ்ச நாள்லேர்ந்துதான் எண்ணணும்" என்கிறார். போன மாசம் ஸ்கேனில்தானே தெரிந்து துணியை வெளியே எடுத்தார்கள், அதனால் கேஸ் நிற்கும்.

ஆனால் ஆபரேஷன் ஆன நாளிலிருந்தே வலி என்று சொன்னால், "அப்பவே ஏன் போய்ப் பாக்கல?" என்று எதிர் வக்கீல் பிடித்துக்கொள்வாராம். அதனால் ஸ்கேனுக்கு முன் உனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று வாக்குமூலம் அடிக்கச் சொல்லி வாங்கி வந்தேன். கையெழுத்துப் போட்டு பாபுவிடமே கொடு.

உன்
ஜானகிராமன்


நூம்பல்
7.8.2025

பிரியமுள்ள உங்களுக்கு,

தையல் பிரித்தாயிற்று. சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள். பேப்பரில் கையெழுத்துப் போடவில்லை.

தொந்தரவே இல்லையா? குனிந்து குடம் தூக்க முடியவில்லை என்றேன். "வாயுவா இருக்கும், இஞ்சி தின்னு" என்றீர்கள். நம் பெண் கிருஷ்ணப்பிரியா கல்யாண மேடையில் வலி தாங்காமல் உட்கார்ந்தேன். "மானத்த வாங்காத, எந்திரி" என்றீர்கள். லோடு இறங்கினால் ஒவ்வொரு டைல்ஸையும் விரலால் தட்டி, சத்தத்திலேயே விரிசல் கண்டுபிடிக்கிறவர்.

இதில் கையெழுத்துப் போட்டால் நான் உங்களிடம் சொன்னதே இல்லை என்றாகிவிடும். நான் சொன்ன தேதிக்கு மதிப்பில்லை, நீங்கள் நம்பிய தேதிக்குத்தான் மதிப்பா? எனக்குப் புரியவில்லை.

சாமுண்டீஸ்வரி


பருத்திப்பட்டு
16.8.2025

சாமுண்டி,

நீ எழுதியதைக் கிரணிடம் சொன்னேன். "யார்கிட்ட சொன்னாங்க?" என்றார். "என்கிட்டதான்" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இப்படி எழுதினா கஷ்டம் சார்."

"நிக்குமா, நிக்காதா?"

"ஜட்ஜ் எப்படி எடுத்துக்கறாரோ."

வியாபாரத்தில் இப்படி ஒரு பதிலோடு நான் திரும்பியதில்லை. இருந்தாலும் எழுதச் சொல்லிவிட்டேன். வலி அப்போதிலிருந்தே, புருஷனிடம் சொன்னாள், அவன் காதில் வாங்கவில்லை. புதுப் பேப்பர் இதோடு வருகிறது.

இன்று லோடு வந்தது. தட்டத் தட்ட எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்டது. "இன்னா அண்ணாத்தே, ஒரே கல்லயே தட்டிகினு கீறீங்கோ?" என்றான் பாபு.

டாக்டருக்குக் கணக்கு ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து. நீ சொல்லியும் கேட்காத எனக்கு எந்த நாளிலிருந்து? என் கெடு முடிந்துவிட்டதா, இப்போதுதான் ஆரம்பமா? கிரணிடம் கேட்க முடியாது, உன்னிடம் கேட்கிறேன்.

ஜானகிராமன்


நூம்பல்
18.8.2025

உங்களுக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பாபுவை வண்டியோடு அனுப்புங்கள். இடது பக்கம் இன்னும் வலிக்கிறது. எப்படி வலிக்கிறது என்று வந்ததும் சொல்வேன், கேளுங்கள். இஞ்சி வாங்கி வைக்காதீர்கள்.

சாமுண்டி