சேஸியில் கறுப்பு பெயிண்ட்

25.10.99, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடி முழுக்க ஈரத் துணி. அப்பா ஓட்டும் லாரி இன்றும் செல்ஃப் எடுக்கவில்லை. ஷெட்டில் மூன்று பேர் தள்ளி ஸ்டார்ட் செய்தார்களாம். ஆனேக்கலில் ஜல்லி ஏற்றும்போதும் என்ஜினை அணைக்கவே இல்லையாம். அணைத்தால் அங்கே யார் தள்ளுவது?

இரண்டு மணிக்கு ஆபீஸ் முடிந்ததும் ஷெட்டில் இறங்கினேன். எலக்ட்ரீஷியன் காதர் பாய் டைனமோவைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பியிருந்தார். கார்பன் பிரஷ் தேய்ந்து நகம் அளவு.

"பார் பாப்பா, இதுதான் சைத்தான். டிகிரில இதெல்லாம் சொல்லிக் குடுத்தாங்களா?"

சொல்லிக் கொடுத்தார்கள்தான். சிரித்து வைத்தேன்.

புது பிரஷ் போட்டதும் டாஷ்போர்டில் சார்ஜ் இல்லை என்று எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது. அப்பா ஒரு டீ கூடுதலாகச் சொன்னார்.

வாங்க: தே. எண்ணெய், ஊக்கு, அம்மாவுக்குத் தைலம்.

27.10, புதன்

நேற்று ஓடியது. இன்று காலை மறுபடி "டக்". அவ்வளவுதான். மறுபடி தள்ளல்.

காதர் பாய் இன்று ரெகுலேட்டரை மாற்றினார். மாற்றிக்கொண்டிருக்கும்போது லாரி ஓனர் வந்துவிட்டார். குனிந்து பேட்டரிப் பெட்டியைப் பார்த்தார். நிமிரவில்லை, அப்படியே கேட்டார்.

"ஏனப்பா மணி, ஹொஸ பேட்டரி எல்லி?"

புது பேட்டரி எங்கே என்று. இரண்டு பேட்டரியும் ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னால்தான் மாற்றியவை. பூஜைக்கு லாரியைக் கழுவியபோது அவற்றையும் இறக்கி, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். லேபிள் தண்ணீரோடு போய்விட்டது. இப்போது புதிது என்று காட்ட ஒன்றும் இல்லை.

"இதுதான் சார் புதுசு," என்றார் அப்பா.

"புதுசுன்னா ஏன் சாவுது? பழசை வெச்சுட்டுப் புதுசை வித்துட்டியா? சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன், நோடுத்தீனி. அப்புறம் சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டே இரு."

பதினோரு வருஷம் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்த கை. பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தது. துடைக்க ஒன்றும் இல்லை.

நான் லாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும்.

28.10, வியாழன்

வெயில், புழுக்கம். கோயில் கூட்டம், விவேக் நகர் நிறுத்தத்தில் மூன்று பஸ் விட்டேன். மெழுகுவத்தி விற்கும் அம்மா: "ஏறும்மா ஏறு, குழந்தை இயேசுவே பிடிச்சித் தள்ளணுமா?"

பையில் வோல்ட் பார்க்கும் மீட்டர். கடைசி வருஷ பிராஜெக்டுக்கு எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. இவ்வளவு நாள் பீரோவில் தூங்கியது.

ஷெட்டுக்கு எதிர்க் கடைவரை போனேன். ஷெட்டுக்குள்ளே ஏழெட்டு டிரைவர்கள், சிரிப்பு, பீடி. அப்பா ஆனேக்கல் போயிருந்தார். அவர் இல்லாமல் அத்தனை பேருக்கு நடுவில் எப்படி? கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

மக்கு.

அப்பா சாப்பிடவில்லை. அம்மா, "மோராவது குடிங்க" என்று நாலு தடவை.

29.10, வெள்ளி

போனேன். அப்பாவும் இருந்தார். லாரி நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரை எடுத்ததும் காதர் பாய் சிரித்தார்.

"அரே, டாக்டரம்மா வந்துட்டாங்க! மணி, நாடி பாக்கச் சொல்லுப்பா."

டைனமோவில் 27.8 வோல்ட். பேட்டரியில் 25.6. சந்தேகத்தில் மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் அதே. டைனமோ தருகிறது, பேட்டரிக்கு வந்து சேரவில்லை. அப்படியானால் நடுவில் எங்கேயோ வழி அடைத்திருக்கிறது.

"பாய், எர்த் வயர் பார்த்தீங்களா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பா திருப்பிச் சொன்னார்.

"எர்த் பக்கா. டெஸ்ட் லாம்ப் வெச்சுப் பாத்தேன், ஜம்முனு எரியுது. டைனமோதான் டப்பா. நாளைக்கு வேற டைனமோ ஏத்துறேன்."

சின்ன விளக்குக்குச் சின்ன வழி போதும். எரியத்தான் எரியும். இதைச் சொல்ல வாக்கியம் தேடிக்கொண்டிருந்தபோது அவர் டீக்குப் போய்விட்டார்.

நானே பார்த்தேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று என்ஜின் மேல். ஒன்றுமே காட்டக் கூடாது. 2.1 காட்டியது. மைனஸிலிருந்து வரும் பட்டை வயர், அதுதான் எர்த், சேஸியில், லாரியின் இரும்புச் சட்டத்தில், ஒரு போல்ட்டில் முடிகிறது. போல்ட்டைத் தொட்டேன், சுட்டது. குனிந்தேன். வயரின் முனைக்கு அடியில் பளபளவென்று கறுப்பு பெயிண்ட். கரண்டை அடைப்பது அதுதான்.

என் பெயிண்ட்.

பூஜைக்கு முந்தின நாள். வருஷா வருஷம் லாரியின் எழுத்துகளைப் புதுப்பிப்பது நான்தான். கையெழுத்து நன்றாக இருக்குமாம். பேட்டரிகள் கழுவ இறக்கியிருந்தன, வயர் தனியே தொங்கியது. டப்பாவில் மிச்சம் கறுப்பு இருந்தது. பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் சேஸியில் ஒரு இடம் மட்டும் வெறும் இரும்பாக, அசிங்கமாக இருந்தது. அழகாக இருக்கட்டும் என்று இரண்டு கோட் அடித்தேன். காய்ந்த பிறகு யாரோ அதன் மேலேயே வயரை முடுக்கிவிட்டார்கள்.

பி.எஸ்ஸி. எலக்ட்ரானிக்ஸ். முதல் வகுப்பு.

காதர் பாய் திரும்பி வந்து, "என்ன, நாடி கெடைச்சுதா?" என்றார்.

"நாளைக்குப் பார்க்கலாம் பாய்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அப்பாவுக்கு இன்னொரு நாள் திருட்டுப் பட்டம், என்னால்.

30.10, சனி

மேகமூட்டம். ஆபீஸுக்கு வயிற்று வலி என்று போன். நேராக ஷெட்டுக்கு.

நான் போகும்போது வேறு டைனமோ ஏறிவிட்டது. ஓனர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாவி அப்பாவின் கையில். ஏறிச் செல்ஃப் அடித்தார். "டக்". காதர் பாய் வாயிலிருந்த வயர் துண்டைத் துப்பினார். அப்பா இறங்கியதும் ஓனர் கையை நீட்டினார், சாவிக்காக.

நான் அந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையைக் காட்டினேன். பிறகுதான், "பாய், இதைக் கழற்றுங்க."

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். கழற்றினார். பார்த்தார்.

"யா அல்லா."

ரம்பப் பிளேடால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தார். வயரின் முனையையும். முடுக்கினார். அப்பா மறுபடி ஏறிச் சாவியைத் திருப்பினார்.

ஒரே சுற்று.

மீட்டரை வைத்தேன். பேட்டரியில் 27.5. ஓனரிடம் காட்டினேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது, தலையை ஆட்டினார்.

"எந்தப் புண்ணியவான்யா இங்க பெயிண்ட் அடிச்சது?" காதர் பாய் என்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

அப்பா என்னைப் பார்த்தார். அரை நொடி.

"நான்தான் பாய். பூஜைக்கு."

"பதினோரு வர்ஷ டிரைவர்! எருமைக்கு மை வெச்ச மாதிரி!" எல்லோரும் சிரித்தார்கள். ஓனரும். பேட்டரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்பும் இல்லை. திங்கள் லோடு உண்டு என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

"நான்" என்று நானும் சொன்னேன். சொன்னேன்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, யார் காதிலும் விழவில்லை.

31.10, ஞாயிறு

உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல. துணி ஊறுகிறது, துவைக்க எழவில்லை.

அப்பா பத்து மணிவரை தூங்கினார். அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுந்ததும் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க.

"திருடன்னு சொன்னான். அதுக்கு எருமை எவ்வளவோ தேவலை. நீ பேசாம இரு சுமதி."

பேசாமல்தான் இருக்கிறேன். பிறந்ததிலிருந்து.

1.11, திங்கள்

கர்நாடக ராஜ்யோத்சவ லீவு. தெருவெல்லாம் சிவப்பு மஞ்சள் கொடி. அப்பாவோடு ஆறு மணிக்கே ஷெட்டுக்கு வந்துவிட்டேன், நம்பர் பிளேட்டில் எழுத்து உரிந்திருக்கிறது என்று சொல்லி. செல்ஃப் முதல் சுற்றிலேயே எடுத்தது. லாரி ஆனேக்கல் போய்விட்டது.

டிரைவர்கள் இப்போது அப்பாவைப் "பெயிண்டர்" என்று கூப்பிடுகிறார்கள். போகும்போது ஒருவர்: "பெயிண்டரே, டயருக்கும் ரெண்டு கோட்டு!" அப்பா கையை ஆட்டிவிட்டுப் போனார்.

கொடியேற்ற ஓனர் எட்டு மணிக்கு வருவாராம். டயர் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வாக்கியம் தயார். பத்து முறை சொல்லிப் பார்த்தாயிற்று. பெயிண்ட் ஹொடெதத்து நானு, அப்பா அல்ல. பெயிண்ட் அடித்தது நான், அப்பா இல்லை என்று.

கேட்டில் ஓனரின் கார். என்ஜினை அணைத்துவிட்டார்.