சாயங்காலம் வரை நிற்கும் சென்ட்

என் முத்துவின் அப்பாவுக்கு,

எங்கே இருந்தாலும் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன்.

கால் வலிக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழவங்காடி பேன்சி ஸ்டோரில் இன்னும் எங்களுக்கு ஸ்டூல் போடவில்லை. காலை ஒன்பதரைக்கு சென்ட் கவுண்டரில் நின்றால் கடை அடைக்கும் வரை நிற்பதுதான். வளையல் கவுண்டர் லதா, "நம்மள் என்ன குதிரையா சேச்சி?" என்கிறாள். சிரிக்கக்கூடத் தெம்பு இல்லை.

முத்து எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இங்கே மலையாளப் பள்ளிக்கூடம், பேச்சைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிறாள். இதை அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அந்தத் தைரியத்தில்தான் சிலதை எழுதுகிறேன்.

உங்கள் ஹோட்டல் தொழிலாளர் சங்கத்தில் ஆண்டு மலர் அச்சடிக்கிறார்களாம். உங்களைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். "நல்ல மனுஷன், நல்ல தோசை மாஸ்டர்னு எழுதுங்கக்கா, போதும்" என்றார்கள். எனக்கு அது போதவில்லை, இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடப் போகிறேன். ஒரு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் பொய்யை யாரிடம் இறக்கி வைக்க? உங்களிடம்தான்.

வாசிக்கிறவர்களுக்குத் தெரியாதே, அதனால் நம் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கவுண்டரில் இருப்பதெல்லாம் விலை குறைந்த ஆண்கள் சென்ட். கல்ஃபுக்குப் போகாமலே கல்ஃபுக்காரன் வாசம் வர வேண்டும், வாங்க வருகிறவர்களுக்கு அதுதான் கணக்கு. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: நிற்குமா? அதை என் கையில் அடித்துப் பார்த்தால் தெரியாது. மத்தியானத்துக்குள் இரண்டு மணிக்கட்டிலும் பத்து சென்ட் ஏறி, மூக்கு மரத்துப்போகும். அதனால் புதுச் சரக்கு வந்தால் ஒரு குப்பியை வீட்டுக்குக் கொண்டுவருவேன். காலையில் நீங்கள் கிளம்பும்போது உங்கள் வலது மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை அடிப்பேன்.

தோசைக்கல்லுக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிற கை அது. எண்ணெய், புகை, வெங்காயம், வியர்வை எல்லாவற்றையும் தாண்டி ஒரு வாசனை சாயங்காலம் வரை நின்றால், அது எந்த ஆபீசிலும் நிற்கும். நீங்கள் வந்ததும் கால் கழுவுவதற்கு முன்னால், காப்பிக்கு முன்னால், கையை நீட்டுவீர்கள். நான் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். இது பினாயில். இது சோப்புப் பெட்டி. இது செத்த வீட்டு ஊதுபத்தி.

"ஏட்டி, உளுந்து மாவுக்கும் உன் சென்டுக்கும் தெனமும் சண்டை மூட்டி விடுத. ரெண்டும் என் கையிலல்லா அடிச்சிக்கிடுது" என்பீர்கள்.

நானும் விட மாட்டேன். "மொதப் பத்து நிமிசம் எல்லா சென்டும் மாப்பிள்ளைதான். சாயங்காலம் வரைக்கும் நின்னாத்தான் புருசன்" என்பேன். அதைக் கவுண்டரிலும் சொல்லிச் சொல்லி எத்தனை குப்பி விற்றிருப்பேன்! முதலில் வருவது ஸ்பிரிட்டின் காரம், அதை நம்பக் கூடாது. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவதற்குள் அது ஆறும். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் சரக்கு. "எங்க வீட்டுக்காரர் போட்டுப் பார்த்தாச்சு" என்று நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. முதலாளிகூட "செல்வியுடெ பர்த்தாவு பாஸாக்கியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டி பெட்டியாக வாங்குவார்.

அந்த வியாழக்கிழமை நீலக் குப்பி வந்திருந்தது.

நீங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் குப்பியோடு வந்தேன். "இன்னைக்கு வேண்டாம்ட்டி, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கி" என்றீர்கள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முதலாளி அன்றைக்கே பதில் கேட்டிருந்தார். "வாயுவா இருக்கும். போனதும் சுக்குத்தண்ணி குடிங்க. கையைக் காட்டுங்க" என்றேன். நீங்கள் காட்டினீர்கள். நான் அடித்தேன்.

அப்போது உங்கள் கையைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் போக விட்டிருப்பேனா? தெரியவில்லை. ஒரு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மூன்று மணிக்கு ஹோட்டலிலிருந்து ஆள் வந்தான். ஆஸ்பத்திரியில் உங்களை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். வலது கை மட்டும் வெளியே கிடந்தது. நான் அதை எடுத்தேன். மோந்து பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம் செய்துவிட்டது. வாசனை நின்றிருந்தது. மாவு, புகை எல்லாவற்றுக்கும் மேலே சுத்தமாக நின்றிருந்தது. நல்ல சென்ட் என்று மனசு ஒரு நொடி தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

உங்கள் தங்கச்சி இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறாள்: "மதினி அண்ணன் கையை எடுத்து முத்தம் கொடுத்து அழுதா." நான் திருத்தவில்லை. எப்படித் திருத்த?

பதினாறு கழிந்து கடைக்குப் போனேன். அந்த நீலம் எப்படி என்று முதலாளி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "செல்வீ, ஆ நீல எங்ஙனெ?"

"நிக்காது சார்" என்றேன்.

அன்றைக்கு ஆரம்பித்த பொய். மாதிரிக்கு வந்திருந்த நீலக் குப்பிகளைக் கண்ணில் படாமல் கீழ்த்தட்டில் தள்ளினேன். யாராவது குனிந்து எடுத்தால், "அது வேண்டாம் மோனே, பஸ் ஏறுறதுக்குள்ளே பறந்துரும்" என்பேன். உங்கள் வாசனை இந்த ஊரில் இன்னொருவன் மேல் வந்துவிடக் கூடாது என்றா? இல்லை, அந்தக் குப்பியைத் தண்டிக்கிறேன் என்றா? தண்டிக்க வேண்டியது அதையில்லை என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் கோவில்பட்டிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். விரல் இடுக்கெல்லாம் சிமென்ட். "அக்கா, நாளைக்கு நாகர்கோவில்ல பொண்ணு பாக்கப் போறேன். இந்த சிமென்ட் வாடை போவணும். பஸ்ல போயி எறங்குத வரைக்கும் நிக்கணும்" என்றார். சொன்னவர் நேரே குனிந்து நீலத்தை எடுத்தார்.

"அது நிக்காது தம்பி."

"யாரு போட்டுப் பாத்தா?"

வழக்கமான கேள்விதான். வாய் பழக்கத்தில் வழக்கமான பதிலையே சொல்லிவிட்டது: "எங்க வீட்டுக்காரரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இத்தனை நாள் பொய் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அதை உங்கள் கையின் மேல் அல்லவா சுமத்திவிட்டேன்! ஏழு வருஷம், எத்தனையோ சென்ட், ஒரு நாளும் தப்புச் சொல்லாத கை. நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டே நீட்டின கை.

கவுண்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். "தப்பாச் சொல்லிட்டேன் தம்பி. நிக்கும். அடுப்படியிலயே நின்னுது. நாகர்கோவில் என்ன, நெல்லை வரைக்கும் நிக்கும்" என்றேன்.

அவர் கையை நீட்டினார். நான் அடிக்கவில்லை. முதலில் முகத்தைப் பார்த்தேன். "சாப்பிட்டியா? ஒடம்பு சொகமா இருக்கா? நெஞ்சு கிஞ்சு வலி ஒண்ணும் இல்லையே?"

"சென்டு வாங்க வந்தவன்ட்ட டாக்டர் மாதிரில்லா கேக்கிய!" என்று அவர் சிரித்தார். சிரித்த முகத்தில் நல்ல ரத்தம் ஓடியது. அதற்குப் பிறகுதான் அடித்தேன். குனிந்து மோந்து பார்க்க மட்டும் என்னால் முடியவில்லை. அவர் மூக்கிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீலக் குப்பிகள் மேல்தட்டுக்கு வந்துவிட்டன. ஓணக் கூட்டத்தில் போய்விடும். இனி இந்த ஊரில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். தாங்குவேனா? பார்ப்போம். களைப்பில் பாதி நேரம் மூக்கே வேலை செய்வதில்லை, அதுவும் ஒரு நன்மைதான்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்ட தீர்ப்பை இன்றைக்குச் சொல்கிறேன்: நின்றது. இனி முத்து பள்ளிக்கூடம் விட்டு வந்து என்ன காட்டினாலும், நோட்டோ மார்க்கோ, முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். இது சத்தியம்.

இனி கையை மடக்கிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நின்ற கால், கொஞ்சம் உட்காருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கையைப் பார்த்து முகத்தைத் தவறவிட்ட
உங்கள் வீட்டுக்காரி,
முத்துவின் அம்மா