கர்ணத்தின் வர்க்கம் பாடி ஏறியவனுக்கு

அன்புள்ள இசக்கி மச்சானுக்கு,

உன் பேரில் ஒரு கோப்பை வைத்திருக்கிறார்கள். போன வாரம் நம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் மேசைமேல் பூச்சுற்றி இருந்தது. படிப்பிலும் ஆட்டத்திலும் சிறந்தவனுக்குக் கொடுப்பதாம். தலைமையாசிரியர், அதே மனுஷன்தான், மைக்கைப் பிடித்துக்கொண்டு, படிப்பும் விளையாட்டும் மாணவனுக்கு இரு கண்கள், அந்த இரண்டும் அமைந்தவன் இசக்கிமுத்து என்றார். எழுந்துபோய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன்.

விழா மலருக்கு உன்னைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் உன் அத்தை மகன், உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது அங்கேயே குமாஸ்தா. வேறு யாரைக் கேட்பார்கள்? நான் எழுதியது இதுதான். அச்சேற்றுவதும் கிழிப்பதும் அவர்கள் பாடு.

ஆறாம் பாரம் ஞாபகம் இருக்கிறதா? இப்போது பதினொன்றாம் வகுப்பு என்கிறார்கள், அவ்வளவுதான் மாறியிருக்கிறது. விடிந்தும் விடியாமல் டிரில் மாஸ்டர் உன்னைத் தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஓடவிடுவார். அருவியில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பி ஓடி வருவாய். முதல் மணி கணக்கு. உனக்குக் கண் சொருகும். கணக்கு வாத்தியார் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துவார். சாயங்காலம் மறுபடியும் ஆடுகளம். இவன் எப்போதுதான் படிப்பான் என்று கேட்க அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் வாயில்லை.

நீயாக ஒரு வழி கண்டுபிடித்தாய். மற்றவர்கள் "சடுகுடு சடுகுடு" என்று மூச்சுப் பிடித்து ஏற, நீ "கர்ணத்தின் வர்க்கம், மற்றிரு பக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை" என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு ஏறினாய். எதிர்க்கட்சிக்காரன் முழிக்கும்போதே தொட்டுவிட்டு வந்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். கோட்டைத் தாண்டிப் போய்த்தான் ஒருத்தன் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

செங்கோட்டையில் இறுதிப் போட்டி. அன்றைக்கே செலக்ஷன் பரீட்சை. அதில் தேறினால்தான் எஸ்.எஸ்.எல்.சி. எழுத விடுவார்கள். "நீ போயி கப்ப வாங்கிட்டு வாடே, பரீட்சைய நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் தலைமையாசிரியர். நீ நம்பினாய்.

இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்ததை இப்போது சொல்கிறேன் மச்சான். போட்டிக்கு முந்தின நாள் நோட்டுகளைச் சுமந்துகொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். உள்ளே டிரில் மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். "பரீட்ச எழுதலேன்னா பய இன்னொரு வருசம் இங்கனதான கெடப்பான். கப்பும் இங்கனயே கெடக்கும்." தலைமையாசிரியர் வெற்றிலையை மென்றபடி தலையை ஆட்டினார்.

நான் உன்னிடம் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? ஜெயித்தால் ஒரு நாள் லீவு என்று அறிவித்திருந்தார்கள். சீ! ஒரு நாள் லீவுக்காக வாயை மூடிக்கொண்டேன். அந்த லீவில் என்ன செய்தேன் என்றுகூட இப்போது ஞாபகமில்லை.

கோப்பையோடு வந்தாய். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பட்டியல் ஒட்டிய அன்று பலகையில் விரலை வைத்து மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடினாய். "ஏலே மாப்ள, நீ ஒருக்கா பாரு, எனக்குக் கண்ணு சரியில்ல போலுக்கு" என்றாய். நானும் தேடுவதுபோல் தேடினேன். பரீட்சைக்கு வராதவனை எப்படி அனுப்புவது, சட்டம் சட்டம்தான் என்று கையை விரித்துவிட்டார் அந்தப் பெரிய மனுஷன்.

அடுத்த வருஷம் அவர்களுக்கு ஆட நீ இருக்கவில்லை. மாமா உன்னைச் செங்கோட்டை மர அறுவை மில்லில் சேர்த்துவிட்டார். அங்கே மரத்தடி உருண்டு உன்மேல் விழுந்து நீ போய்ச்சேர்ந்தபோது உனக்கு இருபது வயது. பிள்ளையைக் கிள்ளியவர்களே இன்று தொட்டிலையும் ஆட்டுகிறார்கள், அதுவும் மைக் வைத்து.

இன்னொன்றும் கேள். இந்த வருஷமும் போட்டியும் செலக்ஷனும் ஒரே நாளில் வந்தன. ஆட்டக்காரன் அச்சன்புதூர்ச் சண்முகையா. அவனிடமும் அதே பேச்சு, ஓர் எழுத்து மாறாமல். திங்கட்கிழமை அவனைத் தனியே கூப்பிட்டேன். "நீ போனேன்னா ஒம் பேரு லிஸ்ட்ல வராது. லிஸ்ட்ட எழுதுதவன் சொல்லுதேன்."

"அப்பம் கப்பு, சார்?" என்றான்.

"கப்பு கெடக்கட்டும்லே."

நேற்று பஸ் அவனில்லாமல் போனது. தோற்றுத்தான் வந்தார்கள். இன்று காலை என் மேசைமேல் ஒரு மெமோ. விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தையே பிரதி எடுத்துக் கொடுக்கப் போகிறேன்.

நேற்றுக் கணக்குத் தாள் கொடுக்கும் நேரம் பரீட்சை ஹால் பக்கம் போனேன். சண்முகையா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கர்ணத்தின் வர்க்கம், மற்றிரு பக்க வர்க்கங்களின்... உன் பாட்டு, மச்சான். நம் ஆடுகளத்தில் பையன்கள் இன்றும் அதைப் பாடித்தான் ஏறுகிறார்கள். யார் கட்டியது என்று அவர்களுக்குத் தெரியாது.

அவன் தேறுவானா, தெரியவில்லை. தேறாவிட்டாலும் எழுதித் தோற்றவனாக இருப்பான். உன்னிடம் சொல்லாததை இனி ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு ஆட்டக்காரனிடமும் சொல்லுவேன். வேலையை விட்டு அனுப்பினால் பள்ளிக்கூட வாசலில் நின்று சொல்லுவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

அன்றைக்குப் பலகையில் உன் பெயரைத் தேடுவதுபோல் நடித்த,
உன் அத்தை மகன்
வேலாயுதம்