நடு வேரியன்ட்டுக்குச் சிவப்பு நூல்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில் சுவரைத் தொட்டுவிட்டது. இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பல் டாக்டர், அடுத்த வாரம்.

ஆசிரியரிடமிருந்து ஃபோன். இந்த இதழின் நடுப்பக்கம் எனக்கு. தலைப்பை அவரே வைத்துவிட்டார்: "ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்னும் வேரியன்ட் வேண்டுமா?" சனி மாலைக்குள்.

விஷயம் இது. இங்கே தயாராகும் அந்த இரண்டு சீட் கார் இப்போது இரண்டு தினுசில் வருகிறது. பேஸ், டாப். இரண்டிலும் இன்ஜின் ஒன்றே. டாப்பில் பெரிய பிரேக், நல்ல டயர், தோல் சீட். நடுவில் மிட் என்று ஒன்றைக் கொண்டுவர யோசிக்கிறார்கள். வியாழனன்று கார் பற்றி எழுதுகிற எங்களில் சிலரைக் கூப்பிட்டு மாதிரி வண்டியைக் காட்டுகிறார்கள்.

முதல் குறிப்பு:
வேண்டும்: பேஸுக்கும் டாப்புக்கும் இடைவெளி பெரிது. நடுவில் நிற்பவர் ஷோரூமிலிருந்து பேசாமல் திரும்பிப் போகிறார்.
வேண்டாம்: மிட்டில் தரப்போவது பேஸின் பிரேக்கும் டாப்பின் அலங்காரமும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் கூடவில்லை.
என் சாய்வு, வேண்டாம்.

மதியம் ஃபோனில் தங்கை வசந்தா.

"அண்ணா, அந்தக் காரப் பத்தி நீதான் எழுதப் போறியாமே."

"யார் சொன்னது?"

"இவருக்குக் கம்பெனில சொல்லி இருக்காங்க. நல்லதா எழுதுண்ணா. வேற ஒண்ணும் கேக்கல."

அவள் கணவர் கோதண்டன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஷெட் வைத்திருக்கிறார். கார் சீட் உறை தைக்கும் வேலை. பெரிய கார் ஒன்றுக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள்; அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். மீதி இருப்பது இந்த பேஸ் வேரியன்ட் சீட் மட்டும். அதற்குப் பாதி மெஷின்கூட ஓடாது. மிட்டுக்கு மாதிரி உறை தைத்துக் கொடுத்தது இவர்கள்தான். மிட் வந்தால் ஆர்டர் இவர்களுக்கு. வராவிட்டால் மாதக் கடைசியில் ஷெட்டை மூடுவதாகப் பெண்களிடம் சொல்லிவிட்டாராம்.

என் கட்டுரையால் ஒரு வேரியன்ட் வந்ததும் இல்லை, நின்றதும் இல்லை என்றேன். நம்பவில்லை. "நீ சும்மா சொல்ற. ராத்திரில எழுந்து ஒக்காந்துகினு இருக்காருண்ணா."

ஆசிரியரிடம் உறவைச் சொல்லிவிட்டேன். வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். "எல்லாரும் லீவு சார். இந்த ஏரியால யாருக்கு சார் சொந்தக்காரங்க இல்ல? கடைசியில உறவுன்னு ஒரு வரி போட்டுடலாம்."

ஜூலை 8, செவ்வாய்

பெரியபாளையம் வழியாக பஸ். ஜன்னல் சீட், வெயில் பக்கம். பின்னால் கம்பெனிச் சட்டையில் இரண்டு பேர். "அதுல ஒக்கார்றதே ரெண்டு பேரு. அதுக்கு மூணு தினுசு இன்னாத்துக்கு?" "பொண்டாட்டிக்கு ஒண்ணு, மாமியாருக்கு ஒண்ணு." "மாமியாரு எங்கடா ஒக்காருவா?" "அதுக்குத்தான் ரெண்டு சீட்டு வாங்கறது." இதைவிடச் சுருக்கமாக என்னால் எழுத முடியாது.

ஷெட். பாதி மெஷின்களுக்கு மேல் துணி போர்த்தி இருக்கிறது. கோதண்டன் இளைத்துவிட்டார். காலையில் நாஷ்டா சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கேட்டால் சாப்பிட்டேன் என்பார். கேட்கவில்லை.

கம்பெனிக்குப் போன உறைகளோடு தைத்த இன்னொரு ஜோடியை ஒரு சீட்டின் மேல் போட்டு வைத்திருக்கிறார்கள். கறுப்புத் துணி, ஓரமெல்லாம் சிவப்பு இரட்டைத் தையல். அழகாகத்தான் இருக்கிறது.

"இழுத்துப் பாரு மச்சான். எந்த எடத்துல வேணா இழு."

இழுத்தேன். எங்கும் அசையவில்லை. நல்ல வேலை என்றேன். அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ தெரிந்தது. பார்க்கவே எனக்குச் சங்கடம்.

மேற்பார்வை தேவகி, ஆரம்பாக்கத்துக்காரர். ஷெட் திறந்த நாளிலிருந்து இருக்கிறார். "சார் எழுதினா வந்துரும்னு எங்காளுங்க பேசிகினு கீதுங்க. நான்தான் சொன்னேன், ஒரு ஆளு எழுதி காரு வருமா நைனா, வேலையப் பாருன்னு." சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு தாழ்ந்த குரலில், "வருமா சார்?"

மிட் வந்தால் துணி போர்த்திய மெஷின்களில் யார் யார் உட்காருவார்கள் என்று கோதண்டன் பெயர் சொல்லிக் காட்டினார். ஒவ்வொரு மெஷினாக. நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். ஏன் ஆட்டினேன்?

ஜூலை 9, புதன்

எழுதவில்லை. "வேண்டும்" என்ற பக்கத்துக்கு நேர்மையான காரணம் இன்னும் ஒன்றாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைத்தது: பிரேக்கையும் டயரையும் மட்டும் டாப்பிலிருந்து எடுத்து மிட்டில் வைத்தால் அது வேண்டிய வேரியன்ட்தான். ஆனால் அவர்கள் அதைத் தரவில்லை. நூலைத் தருகிறார்கள்.

மாலையில் தூறல். துணி நனைந்தது.

ஜூலை 10, வியாழன்

சோழவரம் தாண்டி, கம்பெனியின் ஓட்டுதளம். மூடிய வானம், புழுக்கம். மோர், பிஸ்கட், தொப்பி கொடுத்தார்கள். தொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

முதலில் பேஸ் ஓட்டினேன். நல்ல கார். பிறகு டாப். அதே கார்தான்; பிரேக் பிடிக்கவும் வளைவில் திரும்பவும் தைரியம் கூடுதல். மிட்டை நிறுத்தி வைத்துக் காட்டினார்கள், உட்கார்ந்து பார்க்க மட்டும்.

உட்கார்ந்தேன். கதவுப் பக்கம் சீட்டின் விலாவில் ஒரு சின்னத் துணி லேபிள், ஏர்பேக் என்று. எத்தனையோ காரில் பார்த்ததுதான். இன்று கை அங்கேயே நின்றது.

பக்கத்தில் நின்ற பொறியாளர், நந்தினி என்று பெயர். சின்ன வயது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர்.

"பை எந்த வழியாக வெளியே வரும்?"

"இந்தத் தையல் வழியாத்தான் சார். டாப்ல பிளாஸ்டிக் மூடி இருக்கு, அது திறந்துக்கும். பேஸ்லயும் மிட்லயும் தையல் பிரியணும். இந்த ஒரு ஜாண் மட்டும் லேசான நூல். வண்டி மோதின உடனே விட்டுடணும்."

"விடாவிட்டால்?"

"பை உள்ளேயே வீங்கும். இல்ல வேற பக்கம் கிழிச்சுக்கிட்டு வரும். விலா எலும்புக்கு நல்லதில்ல."

அவர் நகர்ந்ததும் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். அசையவில்லை. ஷெட்டில் இழுத்துப் பார்த்து நல்ல வேலை என்று சொன்ன அதே தையல்.

நந்தினி திரும்பி வந்து சொன்னார்: சனி காலையிலிருந்து இந்த வண்டி சோதனை ஓட்டமாகத் தினமும் நெல்லூர் வரை போய் வரும். கம்பெனி டிரைவர்கள் இரண்டு பேர். ஏர்பேக் உள்ளே இருக்கிறதா என்று கேட்டேன். "ரோட்டுக்குப் போற வண்டி, எல்லாமே இருக்கும் சார்."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கழிவறைப் பக்கம் போய்க் கோதண்டனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். தேவகியைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்தும் இரண்டு முறை அடித்தேன். எடுக்கவில்லை.

நந்தினி கொடுத்த எண் முன்னால் இருக்கிறது. ஷெட்காரர்களே சொன்னால் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

முதல் பஸ். கவரைப்பேட்டையில் கன்டெய்னர் லாரி குறுக்கே நின்று பெரும் நெரிசல். கண்டக்டர்: "எறங்கி நடக்கறவங்க நடங்க, இது மத்தியானம் வரைக்கும் பேஜாருதான்." நடந்தேன், பிறகு ஆட்டோ.

ஷெட்டில் மெஷின்கள் நின்றிருந்தன. தேவகி சொன்னது, அப்படியே:

"சேப்புல லேசு நூலு ஒரே ஒரு ரீலு வந்துச்சி சார். அத்தப் போட்டுதான் தைச்சோம். பேஸுல கறுப்பு மேல கறுப்பு, கொஞ்சம் லூசா நின்னாலும் தெரியாது. இதுல சேப்பு. அந்த எடம் மட்டும் பல்ல இளிச்சிகினு நின்னுச்சி. இன்னாடி இது, தைக்கத் தெரியாதவளுங்கன்னு நெனைக்க மாட்டாங்களான்னு, நான்தான் மேல கெட்டி நூலுல ஒரு ஓட்டு ஓட்டினேன். எல்லா செட்டுக்கும்."

"அந்த இடத்துக்கு லேசு நூல்தான் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். காட்டறதுக்கு மட்டும்னு சொன்னாங்க. உள்ள பைய வச்சி ரோட்ல ஓட்டுவாங்கன்னு யாரு கண்டா?"

காட்டுவதற்கு மட்டும் என்று சொன்னவர் கோதண்டன். அவர் கட்டிங் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாம்பிள் மச்சான். சாம்பிளு. ஆர்டர் வந்தா ஒழுங்கா தைக்கப் போறோம்."

"நாளைக்கு இரண்டு பேர் அதில் ஏறுகிறார்கள் மாப்ள."

"திங்கக்கெழம வரைக்கும் டைம் குடு. எதனா சாக்கு சொல்லி உறையத் திருப்பி வாங்கிக்கறேன். மாத்தித் தைச்சிக் குடுத்துடறேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

"நாளைக்குக் காலையில் ஏறுகிறார்கள்."

"ரெண்டு நாளு. ரெண்டே நாளு. அதுக்குள்ள போயி மோதிடுவானா?"

கம்பெனிக்கு நீயே கூப்பிட்டுச் சொல், இங்கே நிற்கிறேன், கூடவே வருகிறேன் என்றேன். ஃபோனை எடுத்தார். பெயரைத் தேடினார். மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். "என் வாயால வராது மச்சான்."

நான் என் ஃபோனை எடுத்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பலமாக இல்லை. ஆனால் விடவில்லை. இத்தனை பெண்களுக்கு முன்னால். அவர் கல்யாணத்தில் நான் மோதிரம் போட்டுவிட்ட கை அது.

தேவகி: "வுடுண்ணா. பேசட்டும்."

விட்டார்.

வெளியே எடைமேடை ஓரத்தில் நின்று நந்தினியிடம் சொன்னேன். எதைப் பார்த்தேன், எதைத் தொட்டேன், எந்த இடம். நடுவில் ஒரு லாரி போனதால் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

"வண்டிய நிறுத்திடறேன் சார். நன்றி."

"அந்த ஷெட்?"

"மிட் வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் அந்த ஷெட்டுக்கு வராது. பேஸ் சீட்டும் இனிமே கஷ்டம்தான். என் கையில இல்ல சார்."

உள்ளே போய் இதை அப்படியே சொன்னேன். குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. யாரும் அழவில்லை. ஒரு பெண் மெஷின் விளக்கை அணைத்தார். பக்கத்துப் பெண்ணும் அணைத்தார். கோதண்டன் கட்டிங் மேசைக்கு அடியில் எதையோ தேடுகிறவர்போல் குனிந்தார், நிமிரவே இல்லை. நான் எப்படி வெளியே வந்தேன் என்று சரியாக நினைவில்லை. பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்து திட்டு வாங்கினேன்.

ஜூலை 12, சனி

வெயில். பால் திரிந்துவிட்டது.

காலையில் வசந்தா. "சொல்லிட்ட இல்ல." சொல்லிவிட்டேன் என்றேன். "சரி." வைத்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்காமல் அவள் ஃபோனை வைத்ததாக எனக்கு நினைவில்லை.

பத்து மணிக்கு உட்கார்ந்தேன். கை நன்றாகவே ஓடியது. இதுதான் வேதனை. மூன்று நாளாக வராத காரணம் இப்போது கையில் இருக்கிறது. கடைசிப் பத்தி: "மூன்றாவது வேரியன்ட் என்பது விலைப்பட்டியலில் ஒரு கட்டம். தைக்கிற இடத்தில் அது பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு சிவப்பு நூல். ஒன்று பிரிய வேண்டும், ஒன்று பிரியக் கூடாது. ஓட்டுகிறவருக்கு எதுவும் தராத ஓர் அலங்காரத்துக்காக இந்தக் குழப்பத்தை ஒரு சின்ன ஷெட்டின் தலையில் கட்டுவானேன்? பேஸும் டாப்பும் போதும்." என் கணக்கில் பல வருஷங்களில் நான் எழுதிய சரியான பத்தி.

மதியம் கோதண்டன் கூப்பிட்டார். குரல் சாதாரணமாக இருந்தது. அதுவே பயமாக இருந்தது.

"கம்பெனி ஆளு வந்து துணி வெட்டற பேட்டர்ன் அட்டை எல்லாம் எடுத்துக்கினு போயிட்டான் மச்சான். பேஸோடதும் சேத்து."

முன்னால் இருந்த கட்டுரையை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"பேரு போட்டியா?"

"யார் பேரும் போடலை. ஷெட் பேரும் இல்லை."

"தையலு விஷயம்?"

"இருக்கு."



"தேவகிக்கும் இன்னும் நாலு பேருக்கும் தச்சூர்ல ஒரு சீட்டு கம்பெனில கேட்டு வச்சிருக்கேன். திங்கக்கெழம வரச் சொன்னான். அவனுங்களும் உன் பேப்பரு படிக்கறவனுங்கதான். சேப்பு நூலுன்னு போட்டா இந்த ஏரியால எந்த ஷெட்டுன்னு தெரியாதா? யாரு ஓட்டின தையலுன்னு கேக்க மாட்டானா?"

தெரியும். கேட்பார்கள்.

"எனக்காகக் கேக்கல மச்சான். என்னுது முடிஞ்சிச்சி."

பத்தியைத் திரும்பப் படித்தேன். நூலை மட்டும் எடுத்துப் பார்த்தேன், ஷெட்டை மட்டும் எடுத்துப் பார்த்தேன். எதை எடுத்தாலும் மீதி நிற்கவில்லை. முழுவதையும் எடுத்தேன். கடைசி வரியை மட்டும் விட்டுவைத்தேன். பேஸும் டாப்பும் போதும். அனுப்பினேன்.

வசந்தாவுக்கு இரண்டு முறை அடித்தேன். எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆசிரியரிடமிருந்து செய்தி: "முடிவு ஓகே சார். ஆனா ஏன் வேண்டாம்னு கடைசில பலமா வரலையே. உங்க எழுத்துல இப்படி இருக்காது. ரெண்டு வரி காரணம் சேர்க்க முடியுமா?"

முடியாது என்று பதில் போட்டேன்.