எதிர் வெயிலில் எடுத்த படம்

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. சளி, இருமல் எதுவும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். நலம் என்று போன கடிதத்திலும் எழுதினேன், அதற்கு முந்தினதிலும் எழுதினேன், அதெல்லாம் கைப்பழக்கத்தில் எழுதினது. இந்தத் தடவை எழுதுவது உண்மையான நலம். போனில் சொன்னால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார், குளிக்கிறார் என்று சொன்னேனே, அது பொய். பக்கத்திலேயே ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், வேண்டாம் என்று கையை ஆட்டுவார். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து, இனி பஸ் ஓட்டக் கூடாது என்று டெப்போவில் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து நாலு மாதமாக அவர் வாயிலிருந்து வந்தது உம், ஆமா, வேணாம், இவ்வளவுதான். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், இவர் குளியலறைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருப்பேன், நினைப்பெல்லாம் வீட்டில் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் காலையில் மூடி வைத்த சாப்பாடு மூடினபடி இருக்கும். உன்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ ஒருநாள் சொன்னாய், இந்தக் குளிர் ஊர்ல வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு, காலை வெளிச்சம் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சும்மா, ஏதாவது ஒரு பூவைப் படம் எடுத்து அனுப்பேன் என்று. விளையாட்டாகச் சொன்னாயோ என்னவோ, எனக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. நீ விட்டுப்போன பழைய கேமராவை பீரோவிலிருந்து எடுத்தேன். நம் வீட்டுக்குப் பின்னால் சுவர் இடிந்த காலிமனை இருக்கிறதே, தண்ணீர்க் குழாய் கசிந்து கசிந்து அங்கே ஒரு குட்டிக் காடே முளைத்திருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நீலப் பூ, அதைவிடச் சின்னதாக மஞ்சளில் ஒன்று, பெயர் யாருக்கும் தெரியவில்லை. விடிந்ததும் போனால் இதழெல்லாம் பனித்துளி. ஆனால் படம் எடுப்பது இவ்வளவு பெரிய பாடு என்று நீ சொல்லவே இல்லையே. நல்ல வெளிச்சம் அரை மணி நேரம்தான், அதற்குள் வெயில் ஏறித் துளி காய்ந்துவிடுகிறது. லேசாகக் காற்றடித்தால் பூ தலையாட்டுகிறது, கேமரா அதை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற புல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு வாரம் எடுத்ததெல்லாம் கலங்கின பச்சையாகவே வந்தது. அப்பாவிடம் காட்டினேன், பார்த்துவிட்டு உம் என்றார்.

போன செவ்வாய்க்கிழமை, பூவின் மட்டத்துக்கே இறங்கிப் பார்ப்போம் என்று ஒரு சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தேன். கை ஆடக்கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தேன். திடீரென்று பின்னால் தடதடவென்று சத்தம். அப்பா. ஜன்னல் வழியாகப் பார்த்தவர் நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். படி இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி, செங்கல் குவியலைத் தாண்டி, செருப்புகூட இல்லாமல் ஓடி வந்திருக்கிறார். "என்னடி ஆச்சு, ஏய், என்னடி ஆச்சு" என்று என் தோளைப் பிடித்துப் புரட்டுகிறார். நான் இருந்த நினைப்பில், "நகருங்க, உங்க நிழல் விழுது" என்று சொல்லிவிட்டேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் வேர்வை. அப்புறம்தான் எனக்கு அவருடைய ஆபரேஷன் ஞாபகம் வந்தது. நெஞ்சு வலிக்குதா என்று கேட்டேன். வலிக்கல, கொஞ்ச நேரம் பேசாம இரு என்றார். மூச்சு நிதானமானதும் திட்ட ஆரம்பித்தார் பார், "அறிவு இருக்கா உனக்கு, சொல்லிட்டுப் போயி படுக்கக் கூடாதா, நீயும் இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்" என்று. எனக்குக் கண்ணீர் கொட்டுகிறது. நாலு மாதத்துக்கு அப்புறம் முழுசாகப் பேசுகிறார், திட்டினால்தான் என்ன. நான் அழுவதைப் பார்த்து அவருக்குச் சங்கடமாகிவிட்டது. என் கையிலிருந்து கேமராவை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "தப்பான பக்கத்துலேருந்து எடுக்கற. காலைல சூரியனைப் பாத்து வண்டி ஓட்டினா கண்ணாடில இருக்கற ஒவ்வொரு தூசியும் பளிச்சுனு தெரியும். வண்டியத் திருப்பிட்டா ஒண்ணும் தெரியாது. பூவுக்குப் பின்னால வெயில் இருக்கணும், இந்தப் பக்கம் வா" என்றார். போய்ப் பார்த்தேன் கண்ணு. ஒவ்வொரு துளிக்குள்ளும் வெளிச்சம் உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பயப்படாதே, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, ஆனால் ஓடினது போதும், நடக்கச் சொல்லுங்கள் என்றார். அன்றிலிருந்து தினமும் எனக்கு முன்னால் எழுந்து நிற்கிறார். எதிர் வெயிலில் பூவின் முகம் இருட்டடிக்கிறது என்று புதுச் சட்டைக்குள் வைத்து வரும் வெள்ளை அட்டையை எடுத்து வந்து, வெளிச்சம் பூவின் மேல் திரும்பும்படி பிடிக்கிறார். காற்றடித்தால் முதுகால் மறைத்துக்கொள்கிறார். மாடியிலிருக்கும் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, ரெண்டு பேரும் என்ன தேடுறீங்க, தோடு தொலைஞ்சுபோச்சா என்று கேட்டாள். ஆமாம்மா, கெடைச்சா உங்களுக்குப் பாதி என்கிறார் இவர். குழாயைச் சரி செய்ய ஆள் வந்தபோது, தண்ணி நின்னா பூவெல்லாம் காஞ்சுடும், ஒரு வாரம் கழிச்சு வாங்களேன் என்று கேட்டுப் பார்த்தார், நான்தான் சும்மா இருங்க என்று அதட்டினேன். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூடச் சொல்கிறார். அதற்கும் நன்றி சொல்கிற நிலைமையில் இருக்கிறேன்.

சிட்டு, நீ அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த மனைக்குப் போயிருக்கவே மாட்டேன். பெற்றவள் பிள்ளைக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீயும் உன் குரலைக் கொஞ்சம் கவனி. கொஞ்ச நாளாக உம், சரி என்று சுருக்கிக்கொண்டே வருகிறாய், எனக்கு அந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். லீவு நாளில் போர்வைக்குள் கிடக்காமல் வெயில் வந்ததும் வெளியே போ. மருந்து, மாத்திரை கையில் வைத்துக்கொள், கழுத்தை மூடிக்கொள்.

இதோடு ஆறு படங்கள் வைத்திருக்கிறேன். ஐந்து நான் எடுத்தது. ஆறாவது அப்பா எடுத்தது, சற்றுக் கலங்கல்தான், அட்டையைப் பிடித்திருக்கும் என் கையும் அதில் விழுந்திருக்கிறது, அதைத்தான் கட்டாயம் அனுப்பச் சொன்னார். நீ நோய்நொடி இல்லாமல், மனசில் தெம்போடு, நினைத்ததெல்லாம் கைகூடி நீண்ட நாள் வாழ வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. போனை அவர்தான் எடுப்பாராம், சொல்லிவிட்டார். நீ அழுதுவிடாதே, அழுதால் என் கையில் கொடுத்துவிடுவார். படம் ஏன் கலங்கினது என்று கேள், அரை மணி நேரம் பேசுவார்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா