ஐந்து மணிக்குப் பின் வருகை

ஜூன் 3, செவ்வாய்

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். கல்லூரியில் ஒவ்வொரு பிரிவாக அளந்து வருகிறார்கள், இந்த மாதம் நூலகத்தின் முறை. அளக்கப்போகிறவர் புள்ளியியல் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சராசரி'. அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்வதில்லை.

எத்தனை பேர் வருகிறார்கள், என்ன எடுக்கிறார்கள், கேட்டது எவ்வளவு நேரத்தில் கிடைக்கிறது, வந்ததனால் அவர்களுக்கு என்ன நன்மை. முதல் மூன்றுக்கு என்னிடம் பதிவேடு உண்டு. நான்காவதை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

எழுந்திருக்கும்போது பேராசிரியர் சொன்னார்: "மேடம், சாயங்கால நேரம் மட்டும் கொஞ்சம் இடிக்குது. அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் சராசரியா பத்துப் பேராவது வரணும். இல்லன்னா அஞ்சு மணிக்கே பூட்டிடலாம்னு முதல்வர் நினைக்கிறார்."

"பதினாலு பேர் வர்றாங்க சார்," என்றேன், பட்டென்று. போன ஆண்டு அறிக்கையில் நானே எழுதிய எண்.

ஜூன் 5, வியாழன்

மூன்று வருடம் முன்பு அந்த மாலை நேரத்தைக் கேட்டு வாங்கியவள் நான்தான். 'என்ன அர்ப்பணிப்பு!' என்று கூட்டத்தில் கைதட்டினார்கள். என் உதவியாளர் மட்டும் தட்டவில்லை. அவர் ஐந்தடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற மனிதர்.

அர்ப்பணிப்பாவது ஒன்றாவது. என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாவியைத் திருகிக் கதவைத் திறந்தால் உள்ளே இருந்து ஒரு சத்தமும் வராது. அதைத் தினமும் ஒரு மூன்று மணி நேரம் தள்ளிப்போட வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். படிவத்தில் 'சேவையின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் இதையா எழுதுவது?

ஜூன் 9, திங்கள்

நூறு கருத்துப் படிவம் கொடுத்து முப்பத்தொன்று திரும்பி வந்தது. குறை என்று பதினேழு பேர் எழுதியிருப்பது மின்விசிறியை. புத்தகத்தைப் பற்றி மூன்று பேர். ஒரு மகானுபாவர், 'நூலகர் முறைக்கிறார்.'

முறைக்கிறேனா? கண்ணாடிக்குப் பவர் மாற்ற வேண்டும், அதுதான்.

ஜூன் 10, செவ்வாய்

ஐந்து மணியிலிருந்து கொட்டோ கொட்டென்று மழை. ஓர் ஈ காக்கை வரவில்லை. விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு நான் மட்டும்.

பூட்டுவதற்கு முன் வழக்கம்போல வாசல் கவுன்ட்டரைப் பார்த்தேன். நிலையில் பொருத்தியிருக்கும் சின்னக் கருவி. யார் குறுக்கே போனாலும் ஒன்று கூட்டும். உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை என்பதால் இரண்டால் வகுத்துக்கொள்வோம். ஐந்து மணிக்குக் குறித்த எண்ணைவிட இருபத்திரண்டு கூடியிருந்தது. அப்படியென்றால் பதினோரு பேர்.

யார் அந்தப் பதினோரு பேர்?

தண்ணீர் பிடிக்கப் போனேன். நடைவழி ஜன்னலைச் சாத்தப் போனேன். கழிப்பறைக்கு. மழை விட்டதா என்று பார்க்க நாலைந்து தடவை. யாராவது வருகிறார்களா என்று பார்க்க... அது எத்தனை தடவையோ.

சிரிப்பு வந்துவிட்டது. ஆளில்லாத கூடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. மூன்று வருடமாக என்னை நானே எண்ணி அறிக்கையில் போட்டிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு வாரமாக வாசலைத் தாண்டும்போதெல்லாம் காகிதத்தில் கோடு போட்டேன். ஒரு மாலைக்குச் சராசரி பதினாறு கோடு. எட்டுப் பேருக்குச் சமம் நான். பதினாலில் எட்டுப் போனால் ஆறு.

பத்து வேண்டும். இருப்பது ஆறு.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? சராசரி வந்து வாசலில் உட்காரப் போகிறாரா என்ன.

ஜூன் 18, புதன்

நான்காவது கேள்விக்காக அந்த ஆறு பேரிடமும் பேசினேன். இருவர் போனுக்குச் சார்ஜ் போட வருகிறவர்கள். ஒருவன் பேருந்துக்கூட்டம் குறையும்வரை தூங்குகிறான், அதை மறைக்கவும் இல்லை. இருவர் செய்தித்தாள்.

மிச்சம், ஜன்னலோரத்துப் பெண். முதுநிலை கணிதம், இரண்டாம் ஆண்டு. ஒரு குழந்தைக்குத் தாய். எப்போதும் எல்லோருக்கும் முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

"இங்க வர்றதால உனக்கு என்னம்மா பிரயோஜனம்?"

"வீட்ல ரெண்டு ரூம், ஏழு பேர் மேடம். மாமியாருக்கு, கொழுந்தனாருக்கு, புள்ளைக்கு, யாருக்கு என்ன வேணும்னாலும் என்னத்தான் கூப்பிடுவாங்க. கிளாஸ் ஏழு மணி வரைக்கும்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். இந்த ஒன்றரை மணி நேரந்தான் யாரும் கூப்பிட மாட்டாங்க."

யாரும் கூப்பிடாத இடம் வேண்டுமாம் அவளுக்கு. எனக்கு மளுக்கென்று அழுகை வந்தது. கொட்டாவி விடுவதுபோல வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

மிச்சமிருந்த படிவம் ஒன்றை எடுத்து நானே நிரப்பினேன். வருகை: தினமும். திருப்தி: ஐந்துக்கு ஐந்து. நூலகம் உங்களுக்குச் செய்த உதவி: வீட்டுக்குப் போகாமல் இருக்க விட்டது.

கிழித்துப் போட்டேன்.

இருபத்தாறு வருடத்தில் இல்லாத புத்தகத்தை இருக்கிறது என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தாலும் அலமாரியைப் புரட்டிப் போட்டுவிடுவேன். உதவியாளர் தலையில் அடித்துக்கொள்வார். இப்போது எட்டு ஆளைக் கூசாமல் கூட்டி எழுதுவேனா? ஆனால் எழுதாவிட்டால் அந்தப் பெண்ணுக்கும் போய்விடும். எனக்கும்தான். ஏன், எனக்கு என்பதை முதலில் எழுதினால் என்ன?

ஜூன் 23, திங்கள்

அறிக்கையைப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டேன். சராசரி ஆறு என்று, காரணத்தோடு. கீழே அந்தப் பெண் சொன்னதைப் பெயரில்லாமல் நாலு வரி சேர்த்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "நீங்க சொல்லலன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது மேடம்." மறுபடி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "ஆமா, அத்தன தடவையா வெளிய போறீங்க?"

"தண்ணி நிறைய குடிப்பேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. நான்கு வரியைத் தொட்டுக் காட்டி, "இத எதால வகுக்கிறதுன்னு தெரியல," என்றார். நல்ல மனிதர்தான். முதல்வரிடம் சொல்லிப் பார்ப்பதாகவும் சொன்னார்.

ஜூலை 1, செவ்வாய்

இன்றிலிருந்து ஐந்து மணிக்குப் பூட்டு. என் கையாலேயே அறிவிப்பை ஒட்டினேன். உதவியாளர், "இனிமே ரெண்டு பேரும் ஒண்ணாவே கிளம்பலாம் மேடம்," என்றார், ஆறுதலாகத்தான்.

ஐந்தரைக்கு வீட்டில் இருந்தேன். தங்கை போன் செய்தாள். "என்னக்கா, இந்நேரத்துக்கு வீட்ல இருக்க? உடம்புக்கு முடியலையா?"

இல்லையென்றால் ஏன் என்று கேட்பாள். சளி என்றேன்.

ஜூலை 2, புதன்

ஆறு மணி. ஆறே கால். ஆறரை. சமைத்தாயிற்று, ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பயமா இருக்கு. எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல. இன்னும் எட்டுகூட ஆகல.

ஜூலை 4, வெள்ளி

ஜன்னலோரத்துப் பெண் மதியம் என் மேஜைக்கு வந்தாள். யார் சொன்னார்களோ, எல்லாம் தெரிந்திருந்தது.

"நாலு பேரக் கூட்டிப் போட்டிருந்தா என்ன மேடம் குறைஞ்சிருக்கும்? நீங்க நேர்மையா இருந்துட்டீங்க. நான் எங்க போய்ப் படிக்கிறது? அடுத்த மாசம் பரீட்சை."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. போகிறபோது நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். முறைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஜூலை 7, திங்கள்

அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன். மூன்று நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு தெரு தள்ளித்தான் எங்க வீடு. சாப்பாட்டு மேஜை இருக்கு. நான் உள்ளே இருப்பேன். ஏழு மணி வரைக்கும் உக்காந்து படி."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இரக்கத்தில் கூப்பிடுகிறேனா, வேறு எதற்காவதா என்று யோசித்திருப்பாள். எனக்கே தெரியாது.

"ஒண்ணே ஒண்ணு மேடம். பேசக் கூடாது."

"பேச மாட்டேன்," என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

மேஜையைத் துடைத்து, விளக்குக்குப் பல்ப் மாற்றினேன். வரவில்லை.

ஜூலை 9, புதன்

இன்றும் இல்லை. நான் யார் அவளுக்கு?

ஜூலை 10, வியாழன்

ஐந்து முப்பத்தைந்துக்கு அழைப்புமணி. "புள்ளைக்குக் காய்ச்சல் மேடம், அதான்," என்று மட்டும் சொன்னாள். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டாள்.

நான் உள்ளறைக் கட்டிலில். தேநீர் போடட்டுமா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். தாள் திருப்புகிற சத்தம். பேனா கீழே விழுந்து உருண்டது. ஒரு தும்மல்.

ஆறே காலுக்குத் தங்கையின் போன். எடுக்காமல் சத்தத்தை நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பினேன்: "வீட்ல ஆள் இருக்காங்க. ஏழு மணிக்கு மேல கூப்பிடறேன்."