ரைட்டர் வாசித்த படங்கள்

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கும் டிவியைப் பார்த்துக் கத்தினேன். மருமகள் ஆசிபா என் போனை வாங்கி ஒரு பொத்தானைக் காட்டினாள். "மாமா, எங்ககிட்ட கத்தாதீங்க. இதை அமுக்கிட்டு இதுகிட்ட கத்துங்க. நீங்க சொல்லச் சொல்ல அதுவே எழுதிரும், தேதியும் போட்டுரும்" என்றாள்.

எனக்கு எழுத்து தெரியாது. நம்பர் தெரியும். பருத்திக் கமிஷன் கடையில் முப்பத்தெட்டு வருஷம் தராசு பார்த்தவன். செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்திப் பேசினால்தான் இது ஒழுங்காக எழுதுகிறதாம். சரி, அப்படியே பேசுகிறேன்.

கத்தினதற்குக் காரணம் உண்டு. என் பெண்டாட்டி பதருன்னிசா பார்க்கிற நாடகத்தில் ஒருத்தி பாலில் விஷம் கலந்து பதினொரு நாள் ஆகிறது. இன்னும் ஒருத்தரும் குடிக்கவில்லை. அந்தப் பால் திரிந்திருக்காதா? இதே நடிகை நாலு வருஷத்துக்கு முன்னால் வேறொரு நாடகத்தில் பாயசத்தில் கலந்தாள். அன்றைக்கும் இப்படித்தான் வாரக்கணக்கில் இழுத்தார்கள்.

"இதெல்லாம் ஞாபகம் இருக்கு. ரேஷன் கடைக்குப் போகச் சொன்னது மட்டும் எப்படிங்க மறந்துபோவுது?" என்கிறாள் பதருன்னிசா.

ஜூலை 10, வியாழன்

நாடகத்துக்குப் பயந்து மத்தியானம் மூன்று மணிக்கு ரைட்டர் வீட்டுக்குப் போய்விட்டேன். தினமும் போகிறதுதான். பேர் தேவஆசீர்வாதம். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதினவர். வீட்டம்மா இறந்த பிறகு தனியாக இருக்கிறார். மகள் சபிதா கோயம்புத்தூரிலிருந்து பெரிய டிவி வாங்கி அனுப்பியிருக்கிறாள். உலகத்துப் படமெல்லாம் அதில் வருகிறது. கீழே எழுத்து ஓடும். அவர் வாசித்துச் சொல்வார், நான் கேட்டுக்கொள்வேன். நாலு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

தமிழில் பேச வைத்த படத்தை அவர் போட விடமாட்டார். "வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது. அதைப் பாக்கதுக்குக் கண்ண மூடிட்டு இருக்கலாம்வே."

இன்றைக்கு மீன்பிடிக்கிற ஊர்ப் படம். படகில் இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை போட்டார்கள். என்னவென்று கேட்டேன்.

"'இந்தப் படகு என் தகப்பனாரின் சுயார்ஜிதச் சொத்து. இதில் உனக்கு எவ்விதப் பாத்தியதையும் கிடையாது'ன்னு சொல்லுதான்."

போன வாரம் பாலைவனத்தில் ஒரு படம். அதிலும் சொத்து. அதற்கு முந்தின வாரம் போலீஸ் படம். அதிலும் பாகப்பிரிவினை. எந்த நாட்டுக்குப் போனாலும் மனுஷன் இதற்குத்தான் அடித்துக்கொள்கிறான். ஒரு காதல், ஒரு பாட்டு கிடையாது. இப்படி எடுத்தால் எவன் பார்ப்பான்? பொங்கலுக்கு முந்தி நல்ல நல்ல படமாக வந்துகொண்டிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

ஹாக்கி பார்த்தோம், ரைட்டர் வீட்டில். இந்தக் கேமராக்காரனை என்ன செய்தால் தேவலை? பந்து வட்டத்துக்குள் போகிற நேரத்தில் கோச் முகத்தைக் காட்டுகிறான். கோல் விழுந்த பிறகு அதை நாலு தடவை மெதுவாகக் காட்டுகிறான். விழும்போது காட்டேன்டா! ஹாக்கியிலேயே பிறந்து வளர்ந்த கோவில்பட்டிக்காரனிடம் இந்த வேலை ஆகாது. எங்களுக்கு மட்டையின் சத்தத்தை வைத்தே அடி எப்படி என்று தெரியும்.

ரைட்டர் வேறு. பந்தை எடுத்துக்கொண்டு போனவன் முதுகில் பத்தொன்பது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இவர் பதினாறு என்கிறார். நம்பர் எனக்குத் தெரியும் என்றேன்.

"நம்பர் மட்டும்தான உமக்குத் தெரியும். பேசாம இரும்வே."

எனக்குச் சுருக்கென்றது.

அந்த நேரம் சபிதா போன். ஞாயிறு தவறாமல் கூப்பிட்டு, இங்கே வந்துவிடுங்கள் என்பாள். அவர் முடியாது என்பார். "ஏழாவது மாடில, கொடியில காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கிட்டுக் கிடக்கணுமாம் நான். கை கால் நல்லா இருக்கு, கண்ணு நல்லா இருக்கு. எவளும் என்னைக் கூட்டிட்டுப் போக முடியாது" என்று போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னார். எனக்கும் அவர் போனால் ஆகாது. இந்த ஊரில் டிவியைப் பார்த்துத் திட்டுவதற்கு எனக்கு வேறு யார் துணை?

ஜூலை 17, வியாழன்

பனி பெய்கிற நாட்டுப் படம். ஒருத்தன் மடித்த காகிதம் ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு மலை மலையாக நடக்கிறான். ஒன்றரை மணி நேரம் நடக்கிறான். இதற்கு நம் ஊரில் நாகலாபுரம் பஸ்ஸைக் காட்டினால் அதிலாவது நாலு பேர் பேசுவார்கள்.

என்ன காகிதம் என்று கேட்டேன். மூலப்பத்திரமாம். கடைசியில் ஒரு குடிசையில் இருக்கிற கிழவி கையில் கொடுக்கிறான். அவள் வாசித்துவிட்டுத் தரையில் விழுந்து அழுகிறாள்.

"சர்வே நம்பர் தப்பா விழுந்திருக்கு. நிலம் போச்சு" என்றார் ரைட்டர்.

"ஒழுங்கா ரிஜிஸ்தர் பண்ணியிருக்கணும். இப்ப அழுதா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் பிட்டு வைத்திருந்த கடம்பூர் போளியில் பாதியைத் தின்றேன்.

ஜூலை 18, வெள்ளி

டீக்கடை இசக்கிபாண்டியிடம் அந்தப் பனிக் கதையைச் சொன்னேன். "பாய், ஆறு மாசமா நீங்க சொல்லுத படம் பூரா தாலுகா ஆபீஸ்லதான் நடக்கு" என்று சிரிக்கிறான்.

ஜூலை 22, செவ்வாய்

கிரிக்கெட். மழை. மைதானத்தில் விரித்த தார்ப்பாயை இரண்டு மணி நேரம் காட்டினான். எங்கள் கரிசல் முழுக்க வெடித்துக் கிடக்கிறது. யார் ஊரிலோ பெய்கிற மழையை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

கோபத்தில் பேச்சு சரியாக வரவில்லை. இது எப்படி எழுதுகிறதோ எழுதட்டும்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தேன். ஆசிபா அவள் போனில் ஏதோ படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் அதே பனி. அதே ஆள். நான் பெரிதாக, "அந்தக் காயிதம் மூலப்பத்திரம். சர்வே நம்பர் தப்பு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்ன மாமா சொல்லுதீங்க? அது லெட்டரு. கூட இருந்த பட்டாளத்துக்காரன் சாகும்போது அவங்க அம்மாவுக்கு எழுதினது. அதைக் கொடுக்கத்தான் இவன் நடந்து போறான்."

முதலிலிருந்து போடச் சொன்னேன். கீழே ஓடுகிற எழுத்தை வாசிக்கச் சொன்னேன். சொத்து இல்லை, சர்வே இல்லை, பாத்தியதை இல்லை. ஒரு தாய் செத்த பிள்ளைக்கு அழுதிருக்கிறாள். நான் போளி தின்றுகொண்டு, ரிஜிஸ்தர் பண்ணியிருக்கணும் என்று சிரித்திருக்கிறேன்.

அந்தப் படகுப் படமும் ஆசிபா பார்த்ததுதானாம். அதிலும் சொத்துச் சண்டையே இல்லையாம்.

அப்படியானால் இத்தனை மாதமாக? எழுத்து தெரியாதவன்தானே, எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வான் என்றுதானே? அவர் மனதுக்குள் எப்படிச் சிரித்திருப்பார்!

ஜூலை 26, சனி

போனேன். நடுக்கூடத்தில் நின்றுகொண்டே கேட்டேன்.

"ரைட்டரே, அந்தக் கிழவி எதுக்கு அழுதா?"

"எந்தக் கிழவி?"

"நிலம் போனவ. பிள்ளை செத்ததுக்கு அழுதிருக்கா அவ. என் மருமவ வாசிச்சுச் சொல்லிட்டா."

அவர் டிவிப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். "அது வேற படமா இருக்கும்."

"அதே ஆளு, அதே தாடி, இடது காலை இழுத்து நடக்கான். எனக்கு எழுத்துதான் தெரியாது, மண்டை நல்லா இருக்கு. எதுக்கு என்னை ஏமாத்துனீரு?"

ரிமோட்டைத் தடவி எடுத்து டிவியை நிறுத்தினார். பிறகு சொன்னார் பாருங்கள்! "வாசிக்கத் தெரியாத ஆளுக்கு எதுவா இருந்தா என்னவே? கதைன்னு ஒண்ணு கிடைச்சுதா இல்லையா?"

ஐம்பது வருஷப் பழக்கம். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் நின்று அப்படியே சபிதாவுக்குப் போன் போட்டேன். உங்க அப்பா இப்படிச் செய்யலாமா, ஆறு மாசமா இல்லாததை வாசிச்சு என்னை ஊர் சிரிக்க வச்சுட்டாரு, நீயே கேளு என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அவள் அப்பாவுக்காகப் பரிந்து பேசுவாள் என்று நினைத்தேன்.

"பாய் மாமா," என்றாள் மெதுவாக, "அப்பா அந்த எழுத்தை ஒரு தடவையாவது சரியா வாசிச்சாங்களா?"

ஹாக்கிக்காரன் முதுகில் இருந்த பத்தொன்பதைப் பதினாறு என்றாரே. அப்போதுதான் எனக்கு...

அல்லா. வாயை வைத்துக்கொண்டு நான் ஏன் சும்மா இருக்கவில்லை?

ஜூலை 29, செவ்வாய்

சபிதா கார் எடுத்துக்கொண்டு வந்து, நேற்றுத் திருநெல்வேலியில் கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். இடது கண் முழுக்கப் போய்விட்டதாம். வலது கண்ணில் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்த மாதிரிதான் பார்வை. அதுவும் மங்கல். நரம்பு செத்துவிட்டது, ஆபரேஷன் செய்தாலும் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து என்றாராம். பொங்கலிலிருந்தே இப்படித்தானாம். மகளுக்குத் தெரிந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுப்பை எப்படிப் பற்றவைத்தார், ரோட்டை எப்படிக் கடந்தார்?

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெருதான், சாப்பாடு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், சொட்டு மருந்து நான் விடுகிறேன் என்று சபிதாவிடம் சொன்னேன்.

"பாட்டில் மேல என்ன எழுதியிருக்குன்னு யாரு மாமா வாசிப்பா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆசிபா வாசிப்பாள் என்று நான் சொல்வதற்குள் பெட்டியைக் கட்டப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

போய்விட்டார்.

காலையில் கார்ப் பக்கம் நின்றேன். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம் குனிந்தேன்.

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா? மறுநாள் இசக்கிபாண்டி கடையில டீயோட அதையும் ஆத்தியிருப்பீரு. சொல்லாமலே போட்டுக்கொடுத்த ஆளு நீரு."

உண்மைதானே. போளிப் பொட்டலத்தை மடியில் வைத்தேன். வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் திருப்பத்தில் மறைகிற வரைக்கும், இவ்வளவு ஆங்காரமா என்று எனக்கும் ஆத்திரம்தான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, நான் நின்றது இடது பக்கம்.

ஆகஸ்ட் 6, புதன்

பதருன்னிசாவோடு நாடகம் பார்த்தேன். விஷம் வைத்த பால் கீழே கொட்டிப்போனது. நாசமாய்ப் போக.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆசிபா பாவம், வேலையெல்லாம் முடித்துவிட்டு ஒரு படம் போட்டு வாசித்துச் சொன்னாள். ஓர் எழுத்து விடாமல், எந்திரம் மாதிரி. "நான் போகிறேன்." "சரி, போ." "மழை வருகிறது." இதுதான் பேச்சா? படம் பார்த்தேன் என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும்.

ரைட்டருக்குப் போன் போடலாமா என்று இரண்டு தடவை கையில் எடுத்தேன். அவர் போடட்டும் என்று வைத்துவிட்டேன். போடுவாரா? போனில் நம்பர் அவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நம் ஊர் கிரவுண்டில் நடக்கிற ஹாக்கியை யாரோ நேரலையில் போடுகிறார்கள் என்று ஆசிபா டிவியில் பிடித்துக் கொடுத்தாள். பதருன்னிசா முணுமுணுத்துக்கொண்டே ரிமோட்டை விட்டுக்கொடுத்தாள். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம் இருக்கும். போன் அடித்தது. சபிதா ரைட்டருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"என்னவே, ஆட்டம் நடக்குதாமே."

இருபத்திரண்டு நாள் கழித்து முதல் பேச்சு. நல்லா இருக்கீரா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"நடக்கு. அங்கன டிவி இல்லையா?"

"பிள்ளைக பொம்மைப்படம் பாக்குதுக. இருந்தா மட்டும் என்னத்தைக் கண்டேன்? நீரு சொல்லும்."

சொன்னேன். தராசு பார்க்கிற மாதிரி ஒன்றைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஏழாம் நம்பர் வலது ஓரமா வாரான். கொடுத்துட்டான். எவனுக்கு? பதினொண்ணுக்கு. அவன் கீழே விழுந்துட்டான். கேமராக்காரன் ஐஸ் விற்கிறவனைக் காட்டுகிறான். இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினோம்.

மூன்றுக்கு இரண்டு என்று நம் ஊர் டீம் பின்னால் நிற்கிறது. கடைசி நிமிஷத்தில் பெனால்டி கார்னர். நான் எழுந்து நின்றுவிட்டேன். அடித்தான். மட்டையின் சத்தம் சுத்தமாகக் கேட்டது. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

"என்னாச்சு? ஏன்வே பேச்சைக் காணோம்?"

"கம்பத்துல பட்டு வெளிய போயிட்டு. முடிஞ்சுது. தோத்தாச்சு."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் பொம்மைப்படம் கேட்டது.

"என்ன மனுசன்வே நீரு! எனக்குத் தெரியவா போவுது? நானா இருந்தா அதை உள்ள தள்ளியிருப்பேன்."

"நீரு தள்ளுவீரு. தள்ளிட்டு, கோல் கம்பம் யாருக்குப் பாத்தியம்னும் சொல்லுவீரு."

சிரித்தார். இருமும்வரை சிரித்தார். பின்னால் சபிதா, "என்னப்பா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"வச்சிராதேயும்," என்றார். "அடுத்த ஆட்டம் எந்த டீமும் எந்த டீமும்?"

"எழுத்துல போட்டிருக்கான். நான் என்னத்தைக் கண்டேன்?"

"சட்டை என்ன கலரு?"

பார்த்துச் சொன்னேன். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள்.

"அது போதும். சொல்லும்."